ஸ்டைன்பெக்கின் கடைசிப் பக்கங்களைத் திரை ஏன் தொடத் தயங்கியது?

#1 ஓடைமரம்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கிலேயே கிடக்கிறேன். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை முடித்த கையோடு, 1940இல் ஜான் ஃபோர்டு எடுத்த படத்தையும் பார்த்துவிட்டேன். இரண்டுமே மனசை உலுக்கிவிட்டன. ஆனால் படம் முடிந்ததிலிருந்து ஒரு கேள்வி முள்ளாகக் குத்துகிறது. அதற்காகத்தான் இந்த இழை.

(நாவல் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதையின் முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.)

நாவலின் கடைசியில் வெள்ளம் வருகிறது. நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவுக்குக் கூலி வேலை தேடி வந்த ஜோட் குடும்பம் குடியிருந்த பழைய சரக்கு ரயில் பெட்டிக்குள் தண்ணீர் ஏறுகிறது. மகள் ரோஸ் ஆஃப் ஷாரனுக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. மேட்டிலுள்ள ஒரு வைக்கோல் கொட்டகையில் ஒதுங்குகிறார்கள். அங்கே ஒரு பையனும், ஆறு நாளாக ஒன்றும் சாப்பிடாத அவன் அப்பாவும் இருக்கிறார்கள். தன் குழந்தைக்கென்று சுரந்த பாலை, முன்பின் தெரியாத அந்த ஆளுக்கு அவள் கொடுக்கிறாள். நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது.

படத்தில் வெள்ளமும் இல்லை, பிரசவமும் இல்லை. லாரியில் போகும்போது அம்மா பேசுகிறாள்: நாம்தான் ஜனங்கள், நம்மை யாராலும் ஒழித்துவிட முடியாது. வண்டிகள் வரிசையாகப் போகின்றன. படம் முடிகிறது.

இவ்வளவு நேர்மையாக எடுத்தவர்கள் கடைசியில் ஏன் அந்தக் கொட்டகைக்குள் போகவில்லை? போயிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

#2 ரீல்பெட்டி

போயிருக்கவே முடியாது, ஓடைமரம். அன்றைக்கு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள் 1934 முதல் கறாராக நடைமுறையில் இருந்தன. கல்யாணமான கணவன் மனைவிக்கே படுக்கையறையில் தனித்தனிக் கட்டில் போட்ட காலம் அது. ஒரு பெண் அந்நிய ஆணுக்குப் பால் கொடுக்கும் காட்சியை எழுதிக் கொடுத்திருந்தால் முதல் வாசிப்பிலேயே கிழித்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் கவனிக்காத இன்னொரு மாற்றம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நாவலில் வரிசை என்ன? முதலில் அரசு நடத்தும் முகாம். சுத்தமான கழிப்பறை, வெந்நீர், சனிக்கிழமை நடனம், ஜனங்களே தேர்ந்தெடுத்த கமிட்டி. அங்கே மரியாதை கிடைக்கிறது, வேலை கிடைக்கவில்லை. அதனால் கிளம்பிப் பீச் தோட்டத்துக்குப் போகிறார்கள். அங்கே வேலைநிறுத்தம், இவர்களோடு வந்த முன்னாள் போதகர் கேஸியின் கொலை, மகன் டாம் தலைமறைவு. பிறகு பருத்தி, பிறகு வெள்ளம். படிப்படியாகக் கீழே இறங்கும் கதை அது.

படத்தில் இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். முதலில் தோட்டம், கொலை. அதற்குப் பிறகுதான் அரசு முகாம். காட்சிகள் ஏறக்குறைய அதேதான், வசனமும் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வந்ததுதான். வரிசையை மாற்றியதும் இறங்கிக்கொண்டிருந்த கதை ஏறத் தொடங்கிவிடுகிறது. திரைக்கதை எழுதிய நனலி ஜான்சனின் கெட்டிக்காரத்தனம் அது. கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டாகவே சொல்கிறேன்.

அம்மா பேசும் கடைசி வசனமும் புத்தகத்தில் இருப்பதுதான். அங்கே அது நடுவில், 20ஆம் அத்தியாயத்தில் வருகிறது. தயாரிப்பாளர் டேரில் ஸானக்தான் அதைத் தூக்கிக் கடைசியில் வைக்க விரும்பினார்.

#3 புதுவரவு

ஸ்டைன்பெக்கைப் பற்றி அதிகம் தெரியாது. கல்லூரியில் 'தி பேர்ல்' குறுநாவல் மட்டும் பாடமாக இருந்தது. அவர் வாழ்க்கையைப் பற்றி யாராவது கொஞ்சம் சொன்னால் இழை எனக்குப் புரியும்.

#4 மேற்குக்கரை

வாங்க புதுவரவு. நான் சொல்றேன். பதினோரு வருஷமா கலிஃபோர்னியாவுல இருக்கேன், அவர் பிறந்த சாலினாஸ் எங்க வீட்லேர்ந்து ஒன்றரை மணி நேர டிரைவ். நாலு தடவை போயிருக்கேன்.

1902 பிப்ரவரி 27 பிறப்பு. அப்பா மான்டரே கவுன்ட்டியின் பொருளாளர், அம்மா ஒலிவ் ஹாமில்டன் பள்ளி ஆசிரியையா இருந்தவங்க. ஸ்டான்ஃபோர்டுல 1919ல சேர்ந்து, விட்டு விட்டுப் படிச்சு, 1925ல பட்டம் வாங்காமலே வெளிய வந்துட்டார். நடுவுல சர்க்கரை ஆலைக்காரங்க பண்ணையில வேலை. நாடோடிக் கூலிகளை அவர் பக்கத்துல இருந்து பார்த்தது அங்கதான். முதல் நாவல் 1929ல வந்துச்சு, ஓடல. 1930ல கேரல் ஹென்னிங்கோட கல்யாணம். பசிஃபிக் குரோவ்ல அப்பாவோட சின்ன வீட்டுல வாடகை இல்லாம இருந்து எழுதினார். அதே வருஷம்தான் எட் ரிக்கெட்ஸ் பழக்கம். கடல் உயிரிகளைச் சேகரிச்சு ஆய்வுக்கூடங்களுக்கு விக்கிற மனுஷன். அவரோட பேசிப் பேசித்தான் ஸ்டைன்பெக்குக்குத் தன் பார்வையே கிடைச்சதுன்னு சொல்வேன். 'கேனரி ரோ' நாவல்ல வர்ற டாக் அவர்தான். 1948ல ரிக்கெட்ஸ் கார் மேல ரயில் மோதி இறந்துட்டார். அதே வருஷம் ரெண்டாவது கல்யாணமும் முறிஞ்சது. அந்த வருஷத்துலேர்ந்து அவர் எழுந்து வந்து 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதினதை நினைச்சா எனக்கு இப்பவும் கண் கலங்கும்.

'டோர்ட்டில்லா ஃபிளாட்' 1935. 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' 1937. இதோட கைப்பிரதியில பாதியை அவர் வளர்த்த நாய்க்குட்டி கடிச்சுக் குதறிடுச்சு, மறுபடி உக்காந்து எழுதினார். 'கிரேப்ஸ்' 1939. நோபல் 1962. 1968 டிசம்பர் 20, நியூயார்க்ல மரணம். சாம்பலை சாலினாஸ் கொண்டுவந்து தாய்வழிக் குடும்பக் கல்லறையில புதைச்சாங்க.

அவர் பிறந்த வீட்டுல இப்ப மதியச் சாப்பாடு போடறாங்க, தன்னார்வலர்கள் நடத்தற உணவகம். அவர் நாயோட அமெரிக்காவைச் சுத்தின அந்த வேன் கொஞ்ச தூரத்துல ஸ்டைன்பெக் மையத்துல நிக்குது. ஊரை விட்டு வெளிய வந்தா ரெண்டு பக்கமும் லெட்டியூஸ் வயல். இன்னைக்கும் குனிஞ்சு அறுக்கறது மனுஷங்கதான்.

#5 கூலிக்கணக்கு

நல்ல இழை தோழர்களே. 'கிரேப்ஸ்' எப்படி உருவானது என்பதைச் சேர்க்காமல் அந்த முடிவைப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

1936இல் சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்காக அவர் முகாம் முகாமாகப் போய் ஏழு கட்டுரைகள் எழுதினார். ஆர்வினில் இருந்த அரசு முகாமின் பொறுப்பாளர் டாம் காலின்ஸ்தான் அவருக்கு வழிகாட்டி. காலின்ஸ் வாராவாரம் எழுதிய அறிக்கைகளில் ஜனங்களின் பேச்சு, பாட்டு, வீட்டுச் செலவு எல்லாம் இருந்தன. நாவலை மனைவி கேரலுக்கும் இந்த டாமுக்கும்தான் காணிக்கையாக்கியிருக்கிறார்.

1938 பிப்ரவரியில் விசேலியா பக்கம் வெள்ளம். ஐயாயிரம் குடும்பங்கள் பட்டினியில் சாகின்றன என்று, தன் புத்தகங்களுக்காகப் பதிப்பகங்களோடு பேசும் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதிவிட்டு நேரே அங்கே போனார். சேற்றில் நாள்கணக்கில் நின்றார். வெள்ளமும் பட்டினி கிடந்த ஆளும் நாவலுக்குள் வந்தது அந்தச் சேற்றிலிருந்துதான். அதற்குப் பிறகு, சாலினாஸ் லெட்டியூஸ் வேலைநிறுத்தத்தை வைத்து எழுதிவைத்திருந்த ஒரு முழு நையாண்டிக் கதையைத் தானே அழித்தார். அது வெறுப்பில் எழுதியது, ஜனங்களைப் புரிந்துகொள்ள உதவாது என்பது அவர் சொன்ன காரணம். மே மாதக் கடைசியில் புதிதாக உட்கார்ந்து அக்டோபர் 26இல் முடித்தார். ஐந்தே மாதம், கையெழுத்தில் சுமார் இரண்டு லட்சம் வார்த்தை. கேரல் தட்டச்சு செய்தார். தலைப்பு வைத்ததும் கேரல்தான்.

ஆக, ஓடைமரம், அந்தக் கொட்டகைக் காட்சி அலங்காரத்துக்கு ஒட்டவைத்த முடிவல்ல. அவர் கண்ணால் பார்த்த பட்டினி அது. படம் அதை விட்டதும் ஐயாயிரம் குடும்பமும் திரைக்கு வெளியே போய்விட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒன்று மட்டும் நாவல் மீதும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா வயல்களில் அதுவரை முதுகொடிந்த மெக்சிகோ, ஃபிலிப்பைன்ஸ் தொழிலாளிகள் இந்தக் கதையில் இல்லை என்றே சொல்லலாம். சனோரா பாப் என்ற பெண் எழுத்தாளர் அதே முகாம்களில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாவல் எழுதினார். 'கிரேப்ஸ்' வந்து புயலாக விற்றதும், ஒரே விஷயத்துக்குச் சந்தையில் இரண்டு புத்தகம் வேண்டாம் என்று பதிப்பகம் கைவிட்டது. 2004இல்தான் அது அச்சேறியது. 65 வருடம்! ஸ்டைன்பெக்கை நேசிக்கிறவர்கள் அந்தப் பெண்ணின் புத்தகத்தையும் தேடிப் படிக்க வேண்டும்.

#6 ரீல்பெட்டி

கூலிக்கணக்கு, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் படத்தின் பக்கம் நின்று ஒரு வழக்கைச் சொல்ல விடுங்கள்.

புத்தகம் வெளிவந்தது 1939 ஏப்ரல் 14. ஆகஸ்டில் கெர்ன் கவுன்ட்டி, அதாவது ஜோட் குடும்பம் போய்ச்சேரும் அதே மாவட்டம், தன் நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் அதைத் தடைசெய்தது. பெரும்பண்ணையாளர்களின் சங்கம் ஸ்டுடியோவுக்கு எதிராகவும் முழங்கியது. ஸானக் தனியாக ஆள் அனுப்பி முகாம்களை விசாரிக்கச் சொன்னார். நிலைமை புத்தகத்தில் இருப்பதைவிட மோசம் என்று பதில் வந்தது. படப்பிடிப்புக் குழு எங்கே போனாலும் 'ஹைவே 66' என்ற பொய்த் தலைப்பைச் சொல்லித்தான் வேலை பார்த்தது. டாம் காலின்ஸே படத்துக்கு ஆலோசகர். 1940 ஜனவரி 24இல் நியூயார்க்கில் முதல் காட்சி. புத்தகம் வந்து ஒன்பதே மாதம்! கெர்ன் கவுன்ட்டியில் தடை இன்னும் அமலில் இருந்தது, அது நீங்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

படத்தை முன்கூட்டியே பார்த்த ஸ்டைன்பெக், இது கடினமான, நேரான படம், பல இடங்களில் புத்தகத்தைவிடக் கடுமையாக இருக்கிறது என்று தன் பிரதிநிதிக்கு எழுதினார். முடிவை மாற்றியதற்காக அவர் கோபப்பட்டிருந்தால் இப்படி எழுதியிருப்பாரா?

கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவை நினைத்துப் பாருங்கள். டாம் தன் வீட்டுக்குத் திரும்புகிறான், வீடு காலி. இருட்டில் பக்கத்து நிலத்துக்காரன் மியூலி ஒளிந்திருக்கிறான். ஒரு மெழுகுவத்தி வெளிச்சம், அவ்வளவுதான். டிராக்டர் வந்து வீட்டை இடித்த கதையை அவன் சொல்லும்போது முகத்தில் பாதி இருட்டு. 'சிட்டிசன் கேன்' வருவதற்கு ஒரு வருடம் முன்பு அதே மனிதர் செய்தது. ஹென்றி ஃபாண்டா டாம் வேடத்துக்காக ஸ்டுடியோவோடு ஏழு வருட ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினார். ஃபோர்டுக்கும் அம்மாவாக நடித்த ஜேன் டார்வெலுக்கும் ஆஸ்கர். ஃபாண்டாவுக்குக் கிடைக்காதது அநியாயம்.

#7 வகுப்பறை

முப்பது வருடம் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள். எல்லோருடைய பதிவுகளையும் படித்தேன், மனம் நிறைந்தது. ரீல்பெட்டி தம்பிக்கு ஒரு தகவல்: அந்த முடிவை மாற்றச் சொன்னதில் ஹாலிவுட் முதல் ஆளில்லை. ஸ்டைன்பெக்கின் பதிப்பாளர் பஸ்கல் கோவிசிதான் முதலில் கேட்டார். நெருங்கிய நண்பர், அவருக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர். அவருக்கே அந்தக் காட்சி உறுத்தியது. பட்டினி கிடக்கும் அந்த ஆள் திடீரென்று வருகிறானே, அவனை முன்பே கதைக்குள் கொண்டுவந்து நமக்குப் பழக்கப்படுத்தக் கூடாதா என்பது அவர் பக்கத்துக் கேள்வி.

1939 ஜனவரியில் ஸ்டைன்பெக் எழுதிய பதில் உலக இலக்கியத்தில் ஒரு எழுத்தாளன் தன் பக்கத்துக்காக நின்ற மிகச் சிறந்த கடிதங்களில் ஒன்று என்பது என் கருத்து. அவன் அந்நியனாகத்தான் இருக்க வேண்டும், தற்செயலாகத்தான் நடக்க வேண்டும், சட்டென்று முடிய வேண்டும் என்றார். அந்தக் குடும்பத்துக்கு அவன்மேல் தனிப்பாசம் எதுவும் இருக்கக் கூடாது, ஒரு துண்டு ரொட்டி கொடுப்பதில் எவ்வளவு உணர்ச்சி இருக்குமோ அவ்வளவுதான் இதிலும் என்றார். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

வகுப்பில் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு வருடம், பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, "மேடம், அந்த ஆள் பேர் என்ன?" என்று கேட்டாள். பெயர் இல்லையம்மா என்றேன். அப்படியானால் யாராக இருந்தாலும் அவள் கொடுத்திருப்பாளா என்றாள். கோவிசிக்கு எழுதிய கடிதத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக வகுப்பில் முழுக்க வாசித்தேன்.

இதைத் திரைக்குக் கொண்டுவருவதில் தணிக்கை மட்டும் தடையில்லை என்று தோன்றுகிறது. புத்தகத்தில் நாம் பார்ப்பது சொற்களை. திரையில் ஒரு நடிகையின் உடம்பைப் பார்ப்போம். ஸ்டைன்பெக் வேண்டும் என்ற அந்த ரொட்டித்துண்டு எளிமை திரையில் தங்குமா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

#8 ஓடைமரம்

அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். "போயிருக்க வேண்டும்" என்று நான் சொன்னதில் இப்போது அந்த உறுதி இல்லை. ஆனால் மற்ற படங்களையும் பார்த்தபோது கடைசிப் பக்கம் என்கிற இடத்தில்தான் திரும்பத் திரும்பச் சிக்கல் வருகிறது என்று தோன்றியது. 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' என்ன சொல்கிறீர்கள்?

#9 ரீல்பெட்டி

எனக்குப் பிடித்த பேச்சு! 1955, எலியா கஸான், ஜேம்ஸ் டீன். நாவலின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா மனசைப் பிடிக்க மகன் கேல் (டீன் நடித்த வேடம்) பீன்ஸ் வியாபாரத்தில் பணம் சேர்த்துப் பிறந்தநாள் பரிசாக நீட்டுகிறான், அவர் வேண்டாம் என்கிறார். டீன் அழுதுகொண்டே போய் அப்பாவைக் கட்டிப்பிடிக்கும் அந்த இடம்... அப்பாவாக நடித்த ரேமண்ட் மாஸி என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்து நிற்கிறார். அந்தச் சங்கடம் நிஜம் போலவே இருக்கிறது. புத்தகத்தில் கேல் தன் அறைக்குப் போய் அந்த 15,000 டாலரையும் நோட்டு நோட்டாக எரிக்கிறான். இரண்டும் வலி, வேறு வேறு வலி.

படம் வெளிவந்த அதே வருடம் செப்டம்பர் 30இல் டீன் கார் விபத்தில் போய்விட்டார். வயது 24.

#10 வகுப்பறை

டீன் அருமை. மறுக்கவில்லை. ஆனால் லீ எங்கே தம்பி? அந்த வீட்டின் சீனச் சமையல்காரர், பிள்ளைகளைத் தாயாக வளர்த்தவர், நாவலின் ஆன்மா. படத்தில் அவர் அறவே இல்லை. ஸ்டைன்பெக்கின் சொந்தத் தாத்தா சாமுவேல் ஹாமில்டனும் இல்லை. 'டிம்ஷெல்' என்ற எபிரேயச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள வயதான சீன அறிஞர்கள் எபிரேயம் படிக்கிறார்கள். பாவத்தை நீ வெல்வாய் என்ற வாக்கும் இல்லை, வெல் என்ற கட்டளையும் இல்லை, உன்னால் வெல்ல இயலும், தேர்வு உன்னுடையது என்று அவர்கள் கண்டடையும் அந்தப் பகுதி படத்தில் இல்லை.

நாவலின் கடைசியில் சாகக் கிடக்கும் அப்பா மகனுக்குக் கொடுப்பது அந்த ஒற்றைச் சொல்தான். படத்தில் நர்ஸைப் பிடிக்கவில்லை, வேறு ஆளைப் பார், நீ என் பக்கத்திலேயே இரு என்று காதோடு சொல்கிறார். அழகான காட்சி. மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் மகனுக்கு விடுதலை கிடைத்ததா?

#11 மேற்குக்கரை

டீச்சர், இதைப் படிச்சிட்டு வண்டியை ஓரமா நிறுத்திட்டு எழுதறேன். எலியா கஸானோட பேத்தி ஸோயி கஸான் இந்த நாவலைத் தொடரா எழுதறாங்கன்னு அறிவிச்சாங்க. லீ முழுசா வரணும்னு என் ஆசை.

#12 கூலிக்கணக்கு

மாற்றம் வந்தபோது ஸ்டைன்பெக் சும்மா இருந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹிட்ச்காக்கின் 'லைஃப்போட்' (1944) கதை அவருடையது. முழுப் படமும் ஒரு படகுக்குள். அதில் ஜோ என்ற கறுப்பினக் கப்பல் பணியாளரை அவர் கண்ணியமும் தனித்தன்மையும் உள்ள மனிதனாக எழுதியிருந்தார். திரையில் பார்த்தால், வழக்கமான சிரிப்பு மூட்டும் பாத்திரத்தின் சாயல் ஏறியிருந்தது. தொழிற்சங்கத் தொழிலாளிகள் மீதும் இளக்காரம். ஸ்டுடியோவுக்குக் கடிதம் எழுதினார். பிறகு, படத்தோடு என் பெயரைச் சேர்க்காதீர்கள் என்று தந்தியே அடித்தார். பெயரை எடுக்கவில்லை. அந்தக் கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

ஜோவாக நடித்த கனடா லீ என்ற பெரிய நடிகர் தன் பங்குக்கு வசனங்களைத் திருத்தப் போராடியவர். அவரை மறக்கக் கூடாது.

'கிரேப்ஸ்' முடிவுக்குக் கோபப்படாத மனிதர் இதற்குக் கோபப்பட்டார். ஒன்றில் ஒரு காட்சி போயிற்று. இதில் ஒரு மனிதனின் மரியாதை போயிற்று. அவருக்கு எது முக்கியம் என்பது இதில் தெரிகிறது.

#13 புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் கடைசிப் பக்கத்தை மாற்றாத படமே இல்லையா?

#14 ரீல்பெட்டி

இருக்கிறது, அதுவும் நீங்கள் படித்த 'தி பேர்ல்'தான்! 1940இல் ரிக்கெட்ஸோடு படகில் கலிஃபோர்னியா வளைகுடாவைச் சுற்றியபோது லா பாஸ் ஊரில் கேட்ட ஒரு முத்துக்குளிப்பவனின் கதை. இயக்குநர் எமிலியோ ஃபெர்னாண்டஸோடு சேர்ந்து திரைக்கதையை ஸ்டைன்பெக்கே எழுதினார். மெக்சிகோவில், மெக்சிகோ நடிகர்களோடு எடுத்த படம். கேப்ரியல் ஃபிகரோவா ஒளிப்பதிவில் அந்த அலையும் மேகமும் வேறெங்கும் காணக் கிடைக்காது. குழந்தை சாகிறது. முத்தைக் கடலில் வீசுகிறார்கள். ஒன்றையும் மென்மையாக்கவில்லை.

'ஆஃப் மைஸ் அண்ட் மென்' 1939 படத்திலும், கேரி சினிஸ் 1992இல் எடுத்ததிலும் ஜார்ஜ் தன் நண்பன் லென்னியைச் சுடத்தான் செய்கிறான். அந்தக் கதையில் முடிவை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவுமில்லை. நாவலே நாடகம் மாதிரி எழுதப்பட்டது என்பதும் காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். 1952இல் ஓ. ஹென்றியின் ஐந்து கதைகளை வைத்து ஒரு படம் வந்தது. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் மேசை அருகே ஒருவர் வந்து அறிமுகம் சொல்வார். அவர்தான் ஸ்டைன்பெக். அந்தக் குரலையும் முகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள்.

#15 ஓடைமரம்

நேற்றிரவு ஃபோர்டின் படத்தை மறுபடி போட்டேன். வகுப்பறை அம்மா சொன்ன ரொட்டித்துண்டு மனசில் இருந்ததாலோ என்னவோ, முன்பு கவனிக்காத ஒரு காட்சியில் நின்றுவிட்டேன். வழியோர உணவுக்கடைக்குள் அப்பா வருகிறார். பத்து சென்டுக்கு ரொட்டி கேட்கிறார், அங்கே ரொட்டி விலை பதினைந்து. எரிந்து விழுந்துகொண்டிருந்த பணிப்பெண் முகம் மாறி, ரொட்டியைக் கொடுக்கிறாள். பிள்ளைகள் மிட்டாயைப் பார்க்கிறார்கள். ஒன்று ஐந்து சென்ட் விலையுள்ள மிட்டாயை ஒரு சென்டுக்கு இரண்டு என்று கொடுக்கிறாள். அவர்கள் போனதும் லாரி ஓட்டுநர்கள் மீதிச் சில்லறையை வாங்காமல் எழுந்து போகிறார்கள்.

யாரும் யாருக்கும் பெயர் சொல்லவில்லை. பழக்கம் இல்லை. சட்டென்று நடந்து முடிகிறது.

கொட்டகையைத் தொட முடியாத படம் இந்தக் கடையை அவசரமே இல்லாத நிதானத்தோடு எடுத்திருக்கிறது. என் முதல் பதிவில் சொன்ன கட்சியை மாற்றிக்கொள்கிறேன், ரீல்பெட்டி. கொட்டகை வராததில் வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம் 'தி பேர்ல்' படம் பார்க்கிறேன். புதுவரவு, நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள், இங்கேயே பேசுவோம்.